மாஸ்டரைக் கேளுங்கள்: குத்து விழுவதற்கு முந்தின நொடி

கேள்வி: மாஸ்டர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாக்ஸிங்கில் 60 கிலோ பிரிவில் ஆடுகிறேன். போன மாதம் மாவட்டப் போட்டியில் முதல் சண்டையிலேயே தோற்றுவிட்டேன். ஐந்து ஜட்ஜில் நாலு பேர் எதிராளிக்குப் போட்டார்கள். நண்பன் செல்போனில் எடுத்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன். எத்தனை தடவை பார்த்தாலும் நான்தான் அதிகம் குத்தியதாகத் தெரிகிறது. சித்தப்பாவும் அதையேதான் சொல்கிறார். அவன் வலக்கை மட்டும் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, திடீர் திடீரென்று விழுந்தது. இந்த வீடியோவைப் பார்த்து நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
– கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, முழுசாகப் பார்த்தேன். முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்துவிடு. உன் நண்பன் செல்லைப் பிடித்துக்கொண்டே "விழுந்துருச்சு, விழுந்துருச்சு" என்று கத்துகிறான். பாசக்காரப் பையன்தான். ஆனால் அவன் கத்திய குத்துகளில் பாதிக்கு மேல் எதிராளியின் கிளவுஸிலும் முழங்கையிலும்தான் பட்டிருக்கிறது. காது சொல்வதைக் கண் நம்பிவிடும்.

முதல் ரவுண்டு உன்னுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த இரண்டும் அவனுடையவை. ஜெயித்த ரவுண்டுக்கு 10, தோற்ற ரவுண்டுக்குப் பெரும்பாலும் 9. கூட்டிப் பார், 29-28. எத்தனை குத்து விட்டாய் என்பதற்கு யாரும் மார்க் போடுவதில்லை. மடக்கிய கையின் விரல்முட்டிப் பகுதி, தலையின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ பெல்ட்டுக்கு மேலே உடம்பிலோ, தடுப்பு இல்லாமல், பாரத்தோடு இறங்க வேண்டும். கார்டின் மேல், அதாவது முகத்தை மறைத்து அவன் தூக்கி வைத்திருக்கும் கைகளின் மேல், நீ தட்டிய தட்டெல்லாம் உனக்குத்தான் களைப்பு.

இன்னொன்று. ஜட்ஜ்கள் ரிங்கைச் சுற்றி வெவ்வேறு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் நண்பன் நின்றது ஒரே பக்கம். அங்கிருந்து பாதி நேரம் எதிராளியின் முதுகுதான் தெரிகிறது. அந்த நேரத்தில் உன் வலக்கை அவன் முகத்தில் பட்டதா, கார்டில் பட்டதா என்று அந்த வீடியோவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சித்தப்பாவாலும்தான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி ஓடவிடு, இந்தத் தடவை உன்னைப் பார்க்காதே. அவனை மட்டும் பார். தோற்ற பையன்கள் எல்லோரும் வீடியோவில் தங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கல்யாண வீடியோ பார்ப்பது மாதிரி. அவன் முதல் ரவுண்டில் என்ன செய்கிறான்? அதிகம் ஒன்றும் செய்யவில்லை. நீ ஜாப், அதாவது முன்னால் நிற்கும் இடக்கையால் நேர்க் குத்து, விடும்போதெல்லாம் பின்னங்காலில் சாய்ந்து விலகுகிறான். இரண்டு இடத்தில் அவன் வலத்தோள் லேசாகத் துடிக்கிறது. குத்தவில்லை. பார்த்து வைத்துக்கொள்கிறான்.

அடுத்து, இரண்டாவது ரவுண்டு தொடங்கி நாற்பது வினாடிக்குப் போ. வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக்கொள். நீ ஜாப் விடுகிறாய். நல்ல ஜாப்தான், தோள் தாடையை மூடியிருக்கிறது, முன்காலும் கூடவே போகிறது. அவன் ஒரு சாண் விலகுகிறான், உன் கிளவுஸ் அவன் மூக்குக்கு முன்னால் நின்றுவிடுகிறது. இதுவரை தப்பில்லை. இனிமேல் நிறுத்தி நிறுத்தி நகர்த்து. உன் இடக்கை போன வழியே கன்னத்துக்குத் திரும்பவில்லை. வளைந்து மார்புக்குக் கீழே இறங்கி, அப்புறம்தான் மேலே ஏறுகிறது. அது கீழே கிடக்கும் அந்தத் துளி நேரத்தில் அவன் வலக்கை மேலாக வந்து உன் கன்னத்தில் இறங்குகிறது. நீ கையைத் தூக்கி முடிக்கும்போது அவன் வேலையை முடித்துவிட்டுப் பழைய இடத்தில் நிற்கிறான். திடீரென்று வந்ததாக எழுதியிருக்கிறாய். அவன் மூன்று நிமிடம் வாசலில் நின்று கதவு எப்போது திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறான்.

வீடியோ பார்க்கிறவர்கள் எல்லோரும் குத்து விழுகிற இடத்தில் நிறுத்துவார்கள். நீ அதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்து. உன் கை எங்கே, முன்கால் எங்கே, தலை எந்தக் கோட்டில் இருக்கிறது? விழுந்த குத்தில் படிக்க ஒன்றுமில்லை, அதற்கு முந்தின நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் அந்த நொடியில் நீ இருந்த நிலையை மட்டும் எழுது. "அவன் குத்தினான்" என்று எழுதாதே, அது தெரிந்ததுதானே. "இடக்கை கீழே", "இரண்டு காலும் ஒரே கோட்டில்" என்று எழுது. மூன்று ரவுண்டும் முடிவதற்குள் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பாய். உனக்கு வருவது "இடக்கை கீழே".

அப்புறம் அந்தத் தப்பு எந்த ரவுண்டில் ஆரம்பிக்கிறது என்று பார். மூன்றாவதில் மட்டும் என்றால் தோள் தளர்ந்துவிட்டது, ஓட்டத்தையும் ஸ்கிப்பிங்கையும் கூட்டினால் சரியாகும். முதல் நிமிடத்திலேயே இருந்தால் அது பழக்கம். தேனி ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் போகாது. உன் கை முதல் நிமிடத்திலேயே இறங்குகிறது. துணையில்லாமல் தனியாகப் பையில் குத்திப் பழகிய பையன்களுக்கு இது வரும். பை திருப்பிக் குத்தாது இல்லையா, கை எங்கே கிடந்தால் அதற்கென்ன.

இதற்கு மருந்து, துணைக்கு நிற்பவர் கையில் மாட்டிய மெத்தையில் குத்திப் பழகும் பேட் பயிற்சிதான். நீ ஜாப் விட்ட ஒவ்வொரு தடவையும், பேட் பிடிப்பவர் தன் வலது பேடால் உன் இடக் கன்னத்தை நோக்கி ஒரு வீச்சு வீச வேண்டும். கை திரும்பி வந்திருந்தால் கிளவுஸில் படும், வராவிட்டால் கன்னத்தில் படும். கன்னம் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

வீடியோவில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அவன் வந்தால் நீ நேர்கோட்டில் பின்னால் போகிறாய். ரிங் கயிறுக்குள் 6.10 மீட்டர்தான். நடுவிலிருந்து பார்த்தால் மூன்று மீட்டர், ஓட இடம் எங்கே இருக்கிறது? இரண்டு, தொடர்ந்து குத்தும்போது கன்னம் உப்பலாக இருக்கிறது, மூச்சை அடக்குகிறாய். இரண்டையும் சொல்லிவிட்டேனே தவிர இப்போது தொடாதே. அடுத்த போட்டி வரைக்கும் இடக்கை மட்டும். மூன்றையும் ஒன்றாகத் திருத்தப் போகிறவன் ரிங்குக்குள் யோசித்துக்கொண்டு நிற்பான், யோசிக்கிறவன் மேல் குத்து விழும்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. இரண்டாவது ரவுண்டு முடியும் தறுவாயில் இடக்கையை வளைத்து விலாவில் ஒரு ஹூக் இறக்கினாயே, அதற்கு அவன் உன்னைக் கட்டிப் பிடித்துவிட்டான். ரெஃப்ரி வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது. அதை மூன்றாவது ரவுண்டில் ஒரு தடவைகூட நீ விடவில்லை. பாதிப் பேர் நினைப்பது போலத் தப்பைக் கண்டுபிடிக்க மட்டும் வீடியோ இல்லை. பலித்ததை மறந்துவிட்டு வந்தோமா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகன் போட்டியில் தலையில் பலமாக வாங்கிவிட்டான். ரெஃப்ரி எட்டு எண்ணி, அப்புறம் சண்டையை நிறுத்திவிட்டார். இரண்டு நாளாகத் தலைவலி என்கிறான். பயிற்சியாளரோ "அதெல்லாம் சகஜம், திங்கட்கிழமை ஸ்பாரிங்குக்கு, பயிற்சிச் சண்டைக்கு, வரச் சொல்லுங்கள்" என்கிறார். இவன் அந்த வீடியோவையே விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
– ஒரு தாய், மேலூர்

பதில்: அம்மா, திங்கட்கிழமை அனுப்பாதீர்கள். அந்தப் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் சரி, இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். தலையில் விழுந்த குத்தால் சண்டை நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் போட்டியும் இல்லை, ஸ்பாரிங்கும் இல்லை. இது என் சொந்த யோசனை இல்லை, அமெச்சூர் குத்துச்சண்டையின் விதியே அதுதான். நினைவு தப்பியிருந்தால் இன்னும் அதிக நாள். காரணம், முதல் அடியின் காயம் ஆறாமல் மூளை இருக்கும்போது அடுத்த அடி சின்னதாக இருந்தாலும் பெரிய ஆபத்தாகிவிடும்.

தலைவலி இரண்டு நாளாக இருக்கிறது என்கிறீர்கள், டாக்டரிடம் இன்றே காட்டுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, கண்மணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தாலோ, எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம் வந்தாலோ, 108-க்குக் கூப்பிடுங்கள். மேலூரிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை தூரமில்லை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீடியோவும் இப்போது வேண்டாம். அடிபட்ட முதல் சில நாட்களுக்குச் செல்போன் திரையை உற்றுப் பார்ப்பதே தலைவலியைக் கூட்டும். ராத்திரித் தூக்கம்தான் முதல் மருந்து. போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திட்டுவான், திட்டட்டும். டாக்டர் சரி என்ற பிறகு அவனும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். தலையில் விழுவதற்கு முன்னால் கால் தடுமாற ஆரம்பித்தது எப்போது, கார்னரில் இருந்த பயிற்சியாளர் என்ன செய்துகொண்டிருந்தார், அதைப் பாருங்கள். போதும், நிறுத்துங்கள் என்று அந்தக் கார்னரிலிருந்து துண்டைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டிய நேரம் உங்கள் கண்ணுக்கே தெரியும். தெரிந்த பிறகு வேறு மாஸ்டரைத் தேடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் தேடுவேன்.

கேள்வி: கிரிக்கெட்டில் டிவியைப் பார்த்து அவுட்டை மாற்றுகிறார்கள். பாக்ஸிங்கில் வீடியோவைக் காட்டி ஜட்ஜ் தீர்ப்பை மாற்ற முடியாதா? எங்கள் ஊர்ப் பையனுக்கு அநியாயம் நடந்தது.
– பெட்டிக்கடைக்காரர், பாலமேடு

பதில்: அண்ணே, உங்கள் ஊர்ப் பையனுடைய சண்டையை நான் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் அநியாயம் நடந்ததே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து இறக்கினார், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் போட, தீர்ப்பு 3-2 என்று பார்க் பக்கம் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. தங்கத்தைக் கொடுக்கவில்லை.

அந்தக் கூச்சலுக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் கம்ப்யூட்டர் வந்தது. ஜட்ஜ் கையில் சிவப்பு பட்டன், நீல பட்டன். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் அமுக்கினால்தான் பாயிண்ட். இது ஏமாற்றைத் தடுக்கும் என்று நினைத்தார்கள். நடந்தது என்னவென்றால், தொட்டுவிட்டு ஓடுகிறவனுக்குப் பாயிண்ட் ஏறியது. வயிற்றிலும் விலாவிலும் இறக்குகிற நல்ல குத்துக்கு யாரும் பட்டன் அமுக்கவில்லை. 2013-இல் அதைத் தூக்கிவிட்டுப் ஜெயித்த ரவுண்டுக்குப் பத்து என்ற பத்துப் பாயிண்ட் முறைக்கு வந்துவிட்டார்கள்.

மாவட்டப் போட்டியில் செல்போன் வீடியோவைக் காட்டித் தீர்ப்பை மாற்ற வழியில்லை. பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டி மேஜை முன்னால் நின்று சத்தம் போடாதீர்கள், அடுத்த போட்டியிலும் அவன்தான் அங்கே ஆட வேண்டும். வீடியோவை அவனிடம் கொடுங்கள். 3-2 என்று தோற்றவனை 5-0 என்று ஜெயிக்க வைப்பதுதான் உங்களால் முடிந்த அப்பீல்.

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன் மாஸ்டர். முதல் தடவையாக ஒரு இடக்கைக்காரப் பெண்ணோடு ஆடித் தோற்றேன். வீடியோவில் பார்த்தால் ரெண்டு பேர் காலும் மிதிபட்டுக்கொண்டே இருக்கிறது, என் ஜாப் எதுவுமே போய்ச் சேரவில்லை.
– மாணவி, திருமங்கலம்

பதில்: தாயி, காலைப் பார்த்தாயே, அதுவே பெரிய விஷயம். உன் வயதில் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள். உனக்கு இடக்கால் முன்னே, அவளுக்கு வலக்கால் முன்னே. இரண்டு முன்காலும் எதிரும் புதிருமாக வந்து நிற்கும், மிதிபடாமல் என்ன செய்யும்? நான் ரயில்வே காலனியில் பழகியபோது வீடியோ ஏது. எங்கள் மாஸ்டர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் நாலு பாதம் வரைவார். இதே பாடத்துக்கு அவர் வரைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உன் இடக்கால் அவள் வலக்காலுக்கு வெளிப்புறம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே நின்றால் உன் வலக்கை நேராக அவள் நடுக்கோட்டைப் பார்க்கும், அவளுடைய இடக்கை உன்னைத் தேடித் திரும்ப வேண்டியிருக்கும். உள்பக்கம் நின்றால் கதை அப்படியே மாறிவிடும்.

உன் ஜாப் சேராததற்குக் காரணம், அவள் முன்னால் வைக்கும் வலக்கை நீ முன்னால் வைக்கும் இடக்கைக்கு நேர் எதிரே இருக்கிறது, வழியிலேயே தட்டிவிடுகிறாள். அவளோடு ஆடும்போது ஜாப்பை நம்பி இருக்காதே. அதைக் கண்ணை மறைக்க மட்டும் காட்டிவிட்டு நேர் வலதை விடு.

வீடியோவை மறுபடி ஓடவிட்டு, யாருடைய கால் வெளியே இருக்கிறது என்பதை மட்டும் கவனி. அவளுடைய கால் வெளியே இருந்த நேரத்தில்தான் நீ குத்து வாங்கியிருப்பாய். அப்புறம், எடிட் பண்ணும் இடத்தில் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போடும் வசதி இருக்கும். புரட்டிப் பார்த்தால் அவள் வலக்கைக்காரி போலத் தெரிவாள், அவள் காலை எப்படி வைத்தாள் என்பது உன் கால் பழக்கத்திலேயே விளங்கிவிடும். மேரி கோமும் வலக்கால் முன்னே வைத்து ஆடியவர்தான். 2012 லண்டனில் 51 கிலோவில் வெண்கலம், உலகப் போட்டிகளில் ஆறு தங்கம். அவருடைய சண்டைகள் கிடைத்தால் கையை விட்டுவிட்டு வலக்காலை மட்டும் பார்.

கேள்வி: சிலம்பம் கற்றவர்களுக்குப் பாக்ஸிங் சுலபமாக வருமா?
– வாசகர், செல்லூர்

பதில்: கால் வரும், கை வராது. காலடி பழகிய பிள்ளைகள் பக்கவாட்டில் நகர்வதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் கம்பின் நீளத்துக்குப் பழகிய கண் ஆயிற்றே, கை நீளத்துக்குள் எதிராளி வந்தால் கொஞ்ச நாள் திணறும்.

கேள்வி: இரண்டு ரவுண்டு பிரமாதமாக ஆடினேன். மூன்றாவதில் வீடியோவில் பார்த்தால் நான் நிற்பதே வேறு ஆள் நிற்பது போல இருக்கிறது. எடைக்காக முந்தின நாள் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஸ்டாமினாவுக்கு என்ன மாத்திரை சாப்பிடலாம்?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: மாத்திரையா! கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டு மாத்திரை கேட்கிறாய். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள், சாப்பிட்டுத் தேற ஒரு நாள் கிடைக்கும். நமக்கு ஆடும் நாள் காலையில்தான் எடை. வற்றிப் போன உடம்போடு தராசில் ஏறி, சில மணி நேரத்தில் ரிங்கிலும் ஏறுகிறாய். ஈரம் வற்றிய உடம்பில் காலும் நிற்காது, தலையில் விழும் அடியையும் தாங்காது. எடையைக் குறைக்க வேண்டுமானால் பல வாரம் முன்னால் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. ராத்திரி பரோட்டாவை நிறுத்தினாலே பாதி வேலை முடியும், மதுரைப் பக்கத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். முடியாவிட்டால் மேல் எடைக்குப் போய்விடு. எடை பார்த்து முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், கஞ்சி, வாழைப்பழம். ஜிகர்தண்டா சண்டை முடிந்த பிறகு.

கேள்வி: செல்போனில் சண்டையை எப்படி எடுத்தால் பிறகு பார்க்க உபயோகமாக இருக்கும்? அண்ணன் ஆடுவதை நான்தான் எடுக்கிறேன்.
– பள்ளி மாணவன், அலங்காநல்லூர்

பதில்: போனைப் படுக்கை வாக்கில் பிடி. கயிறு கண்ணை மறைக்காத உயரத்தில் நில், கேலரியில் நாலைந்து படி ஏறினால் போதும். அண்ணன் முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுக்காதே, இரண்டு பேருடைய பாதமும் படத்துக்குள் இருக்க வேண்டும். நொடிக்கு 60 பிரேம் வைக்க முடிந்தால் வை. 30-இல் எடுத்தால் நல்ல ஜாப் ஒன்று நாலைந்து படத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும், நிறுத்திப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. எதிர்ப்பக்கம் இன்னொருவனையும் எடுக்கச் சொல்ல முடிந்தால் நல்லது, ஒருவன் படத்தில் முதுகு மறைப்பதை மற்றவன் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். மணி அடித்ததும் போனை அணைத்துவிடாதே. இடைவேளையில் அண்ணன் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தையும் எடு. மாஸ்டர் என்ன சொன்னார், அடுத்த ரவுண்டில் உன் அண்ணன் என்ன செய்தான் என்று இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டு. கத்துவதாக இருந்தால் போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கத்து.